பறையும் ராப்பும்: ஒடுக்கப்பட்டோர் குரலின் இசை வடிவங்கள்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சிங்காரப்பேட்டையில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



"ஹிப்-ஹாப் இசையின் வளர்ச்சியும் அதன் வகைகளும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இப்பொருளுக்கு இடம் ஏது என்னும் ஐயம் இங்கு அமர்ந்துள்ள பெரியோர் சிலருக்கு எழக்கூடும். அது அயல்நாட்டாரின் கூச்சல், பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது என்று அவர்கள் எண்ணலாம். மறுபுறம், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பேருந்திலும் ஷிப்டு முடிந்து திரும்பும் வழியிலும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இதனையே கேட்கும் இளைஞர்களும் இவ்வரங்கில் உள்ளனர். இவ்விரு சாராரையும் ஒரே திண்ணையில் அமர்த்திப் பேசுவதே என் நோக்கம். இவ்விசை யாரால், எந்த நிலையில், எதன் பொருட்டு உண்டாக்கப்பட்டது என்பதனை அறிந்தால், நம் வரலாற்றுக்கும் அதற்கும் உள்ள உறவு தானே விளங்கும்.

பிறந்த இடமும் பிறந்த நாளும்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்பது ஒரு பகுதி. 1948ஆம் ஆண்டு முதல் அதன் குறுக்கே ஒரு பெருஞ்சாலை அமைக்கப்பட்டது. அதன் பொருட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் வீடுகளை இழந்தன. வசதி படைத்தோர் வெளியேறினர். கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ தீவினின்று வந்தோரும் எஞ்சி நின்றனர். 1970களில் அங்கே வேலை இல்லை, கட்டடங்கள் தீக்கிரையாயின, நகராட்சியின் கவனமும் இல்லை. சாலை அகலமாகும்போது முதலில் இடம்பெயர்வது எவருடைய குடிசை என்பதனை நம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அப்பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்குக் கூடத்தில், 1973 ஆகஸ்டு 11ஆம் நாள் ஒரு சிறு விருந்து நடைபெற்றது. அதனை நடத்தியவள் சிண்டி கேம்பல் என்னும் சிறுமி. பள்ளி திறக்கும் முன் புதிய உடைகள் வாங்கப் பணம் திரட்டுவதே அவளது நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காத் தீவினின்று குடிபெயர்ந்து வந்த அவ்விளைஞரை உலகம் 'கூல் ஹெர்க்' என்று அறியும். அந்நாளையே ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றனர். பள்ளிக்குச் செல்லும் ஒரு பெண்ணின் உடைக்காகத் தொடங்கிய கலை இது என்பதனைப் பெரியோர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகின்றேன்.

ஹெர்க் செய்தது யாது? பாடகர் பாடுவதை நிறுத்தி மேளம் மட்டும் முழங்கும் ஒரு சிறு பகுதி பாட்டின் நடுவே வரும். அதனைப் 'பிரேக்' என்பர். ஆடுவோர் அப்பகுதிக்கே காத்திருப்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரண்டு கருவிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடிந்தவுடன் மற்றதில் தொடங்கி, சில நொடிகளே வரும் மேளத்தைப் பல நிமிடங்கள் நீட்டினார். அதன் மேல் ஒலிவாங்கியில் சில சொற்களைக் கூவிக் கூட்டத்தை எழுப்பினார். இவ்வழக்கத்தின் வேர் ஜமைக்காவில் உள்ளது.

அடுத்து வந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பார்படோஸ் தீவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த இவர், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்றவர். ஒரு தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றைத் தாம் மட்டும் காதில் கேட்டுச் சரிபார்க்கும் வகையில் தம் கருவியைத் தாமே திருத்தி அமைத்துக்கொண்டார். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் நம் பிள்ளைகள் இதனை மறத்தலாகாது. கற்ற தொழில் கையில் இருந்தமையால் கலையில் புதியது செய்ய அவரால் இயன்றது. இசைத்தட்டை முன்னும் பின்னும் உரசித் தாள ஒலி எழுப்பும் 'ஸ்கிராட்ச்' முறையைக் கண்டவர் தியடோர் என்னும் சிறுவர்.

கூறுகளும் இலக்கணமும்

ஹிப்-ஹாப் என்பது பாட்டு மட்டுமன்று. இசைத்தட்டுக் கலை, சொற்பொழிவாகிய ராப், பிரேக் நடனம், சுவரோவியம் என நான்கு கூறுகளை அதற்கு உரைப்பர். அன்று தெருவில் அட்டை விரித்து ஆடிய நடனம், 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாக இடம்பெற்றது.

ராப் பாடுவோரை 'எம்.சி.' என்பர். நிகழ்ச்சியை நடத்திச் செல்பவர் என்பது அதன் பொருள். நம் பகுதியின் தெருக்கூத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கட்டியங்காரன் முதலில் வருகிறான். வேடங்களை அறிமுகம் செய்கிறான். அரசனையும் நையாண்டி செய்கிறான். ஊர்ச் செய்தியைக் கதையின் நடுவே நுழைக்கிறான். தாளம் தவறாது சொல் வீசுகிறான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை. எளிய மக்கள் அதிகாரத்தின் முன் பேசத் துணியும்போது ஒத்த வடிவங்கள் வெவ்வேறு மண்ணில் முளைக்கின்றன என்பதே என் கருத்து.

இதன் இலக்கணம் எளிது. நான்கு தட்டுகள் கொண்ட அளவு ஒரு 'பார்' ஆகும். பதினாறு பார் கொண்டது ஒரு சரணம் என்பது பொது வழக்கு. ஆங்கிலத்தில் அடியின் இறுதி ஒத்து ஒலிப்பதே முதன்மை. தமிழில் நாம் அதனை இயைபு என்போம். நமக்கு இயைபோடு எதுகையும் மோனையும் உள்ளன. ஆதலின் தமிழில் ராப் எழுதுவோன் ஆங்கிலேயனைக் காட்டிலும் செல்வம் மிக்கவன். யாப்பிலக்கணப் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்களே, அது பயன்படும் இடம் இதுவெனக் கொள்க.

வகைகள்

தொடக்கக் காலத்து ராப் கொண்டாட்டப் பாட்டாகவே இருந்தது. 1979இல் 'ஷுகர்ஹில் கேங்' வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் இசைத்தட்டே இக்கலையைத் தெருவினின்று வானொலிக்குக் கொண்டு சென்றது. அதனை உருவாக்கிய நிறுவனத்தை நடத்தியவர் சில்வியா ராபின்சன் என்னும் பெண்மணி. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வெளிவந்த 'தி மெசேஜ்' திசையை மாற்றியது. சேரி வாழ்வின் நெருக்கடியையும் வறுமையையும் பூச்சின்றிக் கூறிய அப்பாடலை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002இல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலின் முதல் தொகுதியிலேயே சேர்த்தது.

அதன் பின்னர் கிளைகள் பல பிரிந்தன. முரசும் அறைவும் மாறி மாறி முழங்க, நிமிடத்திற்கு ஏறக்குறைய 90 தட்டு வேகத்தில் நடக்கும் நியூயார்க் பாணியைப் 'பூம்-பாப்' என்பர். அரசியல் உணர்வை முன்வைத்த பாணிக்குப் 'பப்ளிக் எனிமி' குழு எடுத்துக்காட்டு. மேற்குக் கரையில் காம்ப்டன் நகரின் 'என்.டபிள்யூ.ஏ.' குழு, காவல்துறையின் கொடுமையையும் தெருச் சண்டையையும் பாடி 1988இல் பெரும் விவாதத்தை எழுப்பியது. அப்பாணிக்குக் 'கேங்ஸ்டா' என்று பெயர். தென்மாநிலமாகிய ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரினின்று வந்தது 'டிராப்'. ஆழ்ந்த கீழ்சுருதி முரசும் நுண்ணிய சிஞ்சு ஒலிகளும் அதன் அடையாளம். இன்று நம் திரைப்பாடல்களில் மிகுதியாகக் கேட்பது இப்பாணியே. சிகாகோவில் தோன்றிய 'டிரில்' அதனினும் இருண்டது.

பெண்களின் பங்கும் சிறிதன்று. ரோக்சான் ஷாண்டே 1984இல் தம் பதினான்காம் வயதில் ஆண்களுக்கு எதிர்ப்பாட்டுப் பாடிப் புகழ் பெற்றார். லாரின் ஹில்லின் இசைத்தொகுப்பு 1999இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. 2018இல் கென்ட்ரிக் லாமர் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்குமே வழங்கப்பட்டு வந்த பரிசு அது.

தமிழுக்கு வந்த வழி

1994இல் வெளிவந்த 'காதலன்' திரைப்படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'பேட்டை ராப்', அச்சொல்லைத் தமிழகத்தின் பட்டிதொட்டிக்கும் கொண்டு சேர்த்தது. ஆயின், இயக்கமாக அது வளர்ந்தது முதலில் கடல் கடந்த தமிழரிடையே ஆகும். தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் மிகுந்த மலேசியாவில், 1990களில் 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவில் பாடிய யோகி பி., பின்னர் 'நட்சத்திரா' குழுவினருடன் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். ஈழத்துப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்து, இளமையை யாழ்ப்பாணத்தில் கழித்து, ஏதிலியாக மீண்டும் இலண்டன் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரில் 2005 முதல் உலகப் புகழ் பெற்றார். கோவையின் ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் 2012இல் தம் தொகுப்பை வெளியிட்டனர். 2018இல் 'காலா' திரைப்படத்தில் மும்பை தாராவியின் இளைஞர் குழு பாடியது.

இவையனைத்தும் தமிழ் ராப்பின் படிகள். எனினும் சாதி என்னும் சொல்லை ஒலிவாங்கியின் முன் நிறுத்திய நிகழ்ச்சி 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அன்று மேடை ஏறியது. பத்தொன்பது கலைஞர்கள், கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த இசை, கிட்டாருக்குப் பக்கத்தில் பறையும் சட்டியும் கட்ட மோளமும். அக்குழுவில் பாடிய இசைவாணி, ஆண்களின் கலையாகக் கருதப்பட்ட கானாவைப் பாடி, 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அக்குழுவின் பெயர் நமக்கு அயலன்று. 'சாதியில்லாத் தமிழர்' என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தினின்றே அது எடுக்கப்பட்டது. பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி 1914இல் மறையும் வரை நடத்தினார். 1926 முதல் 'தமிழன்' கோலார் தங்கவயலினின்று ஜி. அப்பாதுரையார் ஆசிரியத்துவத்தில் மீண்டும் வெளிவந்தது. நம் மாவட்ட எல்லையைத் தாண்டிச் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கி உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள், மேலே வந்து பத்திரிகை படித்தனர், சங்கம் கண்டனர், பள்ளி கண்டனர். அன்று அச்சு எழுத்தில் சென்ற கருத்து இன்று தாளத்தில் செல்கிறது.

இவ்வுறவு கடல் கடந்தும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தழுவியது.

பறை பற்றிய வழக்கு

இங்கே ஒரு வழக்கைத் தீர்க்காமல் மேற்செல்ல இயலாது. "பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி அடிபட்டு மானத்தைக் காத்தோம், இன்று எங்கள் பிள்ளைகள் அதனையே தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறுகிறார்களே" என்று பெரியோர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் நியாயமானது. சாவுக்கும் திருவிழாவுக்கும் கூலி பேசும் உரிமையின்றி, மறுக்கும் உரிமையின்றி அடிக்க வைக்கப்பட்டோர் அவர்கள். அதனைக் கீழே வைத்தது ஒரு போராட்டம்; அதற்காக ஊர்விலக்கையும் பட்டினியையும் ஏற்றோர் பலர்.

இளைஞர் கூறுவதும் நியாயமானது. இழிவு தோலில் இல்லை, கட்டாயத்தில் இருந்தது. தானே விரும்பி, தன் பெயரைச் சுவரொட்டியில் போட்டு, தன் கூலியைத் தானே பேசி, தன் பாட்டைத் தானே எழுதி அடிக்கும்போது அது வேறு கருவி. ஆண்களோடு பெண்களும் அடிக்கும்போது அது முற்றிலும் வேறு கருவி. பாட்டனார் கீழே வைத்ததும் பேரன் கையில் எடுப்பதும் ஒரே போராட்டத்தின் இரு நிலைகள் என்பது என் தீர்ப்பு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கீழே வைத்த வரலாற்றை அறியாதவன் அதனை எடுக்கலாகாது. பறையைக் கற்கும் ஒவ்வோர் இளைஞனும் முதலில் தன் தெருவின் முதியவரிடம் அமர்ந்து அவ்வரலாற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

சொல்லுக்கு உரியவர் யார்?

அரக்கோணத்தில் பிறந்த அறிவு என்னும் தெருக்குரல் அறிவு, பொறியியல் பட்டதாரி. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர். 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சு மாதம் அவரும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்து கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, தாயகம் திரும்பி, இங்கும் நிலமற்ற கூலியாகவே வாழ்ந்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாடலுக்கு ஊற்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வெண்ணுக்குள் புதைந்திருந்த கோடிக் கண்ணீரை ஒரு பேரன் பாட்டாக்கினான்.

அதே ஆண்டு ஆகஸ்டில், அப்பாடலைப் போற்றிய ஓர் இசை இதழின் அட்டையில் மற்ற கலைஞர் படங்கள் இருந்தன. அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னர் அவர் படத்துடனும் ஓர் அட்டை வெளியிடப்பட்டது. 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கோ அறிவுக்கோ தீக்கோ வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாக அறிவித்தார்.

இது புதிய கதையன்று. முன்னர்க் கூறிய 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலின் ஒரு பகுதி, கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்னும் பிராங்க்ஸ் இளைஞரின் கையேட்டினின்று எடுக்கப்பட்டது. இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றது; அவர் பெயர் அதில் இடம்பெறவில்லை. விளைவித்தவன் ஒருவன், களத்தில் நெல் அளப்பவன் வேறொருவன் என்னும் பழைய வழக்கம் பாட்டிலும் தொடர்கிறது.

ஆதலின், இளைஞர்களே, சட்டம் அறிக. 2012ஆம் ஆண்டு பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தின்படி, திரைப்படத்தில் இடம்பெறும் பாடலாயினும், ஒலிப்பதிவாக வெளிவரும் பாடலாயினும், அதனை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் சமபங்கு உண்டு. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது மட்டுமே இதற்கு விலக்கு. அப்பங்கைத் தம் வாரிசுக்கோ உரிமைத்தொகை திரட்டும் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது, கொடுத்தாலும் செல்லாது. அத்தொகையைத் திரட்டித் தரும் இந்தியச் சங்கம் 1969 முதல் இயங்கி வருகிறது. எழுதிய பாட்டைத் தேதியிட்டுக் கையேட்டில் வைத்திருங்கள். கூட்டாக எழுதினால் எவர் எதனை எழுதினார் என்பதனை அன்றே எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒப்பமிடாதீர்கள். கைந்நாட்டு வைத்து நிலம் இழந்த பாட்டன்மாரின் பேரர்கள், கையெழுத்துப் போட்டுப் பாட்டை இழத்தலாகாது. கல்விச் சங்கத்தில் இப்பொருளைப் பேச வந்ததற்கு இதுவே தலையாய காரணம்.

கொள்வதும் தள்ளுவதும்

இக்கலையில் குறைகளும் உண்டு. பெண்களை இழித்துப் பாடுவதும், போதையைப் புகழ்வதும், தங்கச் சங்கிலியையும் காரையும் காட்டிப் பெருமை பேசுவதும் அதன் ஒரு கிளையில் மலிந்துள்ளன. அவற்றை விற்றுப் பொருள் குவித்தோரிடம் பிராங்க்ஸின் பசி இல்லை. தன் தாயையும் தமக்கையையும் எதிரில் அமர்த்திப் பாட இயலாத பாட்டை, பிறர் முன்னும் பாடாதிருப்பதே அளவுகோல். பெண் பிள்ளைகள் எழுதவும் பாடவும் முன்வரும்போது அக்குறை தானே நீங்கும்.

படிப்பைக் கெடுக்குமா என்னும் கேள்விக்கு ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தைச் சேர்ந்த சுமீத் சமோஸ் விடையளிக்கிறார். சாதியை எதிர்த்து ராப் பாடிய அவ்விளைஞர், தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பயின்று, 2021இல் பொதுமக்கள் தந்த நிதியின் துணையால் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்றார். பாட்டு அவருக்குப் படிப்பின் பகையாகவில்லை. படித்தமையால் பாட்டில் பொருள் இருந்தது.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பு நடைபெறும் கூடத்தை வாரத்தில் ஒருநாள் மாலை இளைஞர்க்கு எழுத்துப் பட்டறையாகத் திறந்து விடுங்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வெல்லைப் பகுதியின் பேச்சுக்குத் தனி ஓசை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியின் இரவு ஷிப்டு, பெங்களூர்க் கட்டட வேலைக்குப் புலம்பெயர்ந்த குடும்பம், மாந்தோப்பில் கூலிக்குக் காய் பறிக்கும் தாய், தனிக்குவளை கண்ட பாட்டன்: இவற்றைப் பாடச் சென்னையினின்று எவரும் வரமாட்டார். பிராங்க்ஸின் பேச்சைப் பார்த்து எழுதினால் நீங்கள் நிழல். சிங்காரப்பேட்டையின் பேச்சில் எழுதினால் நீங்கள் உரு.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் நம் பிள்ளைகளின் கையில் எழுதுகோல் தந்தது. இனி அவர்கள் கையில் ஒலிவாங்கியும் வரட்டும். ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்க வேண்டியதில்லை.